புற்றுமண் பூசிய கை

கொழுக்கட்டைப்புல் பூத்தால் போதும், சண்முகையாவுக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஆடு மேய்த்துப் பிழைக்கிறவனுக்குப் புல்லே எமனாக வந்தால் என்னதான் செய்வான்? சங்கரன்கோவில் டாக்டர் கோமதிநாயகம் பல புற்களின் மகரந்தச் சாற்றை அவன் கையில் சொட்டுவிட்டுக் குத்திப் பார்த்தார். கொழுக்கட்டைப்புல் பட்ட இடம் மட்டும் தடித்தது. அதே மகரந்தத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கினார்.

"ஊசி போட்ட எடம் வீங்கும். வீக்கம் பெருசுன்னா மருந்தைக் கொறைப்பேன், இல்லைன்னா கூட்டுவேன். பாத்து வந்து சொல்லணும்" என்று அவன் பெண்டாட்டி அன்னக்கிளியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

போன வாரம் நாலு விரல் அகலத்துக்கு வீங்கியது. அன்னக்கிளிக்குக் கை சும்மா இருக்குமா? அம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அப்பினாள். வீக்கம் வடிந்தது. அம்மன் இறக்கிவிட்டதை வாயால் சொன்னால் திரும்ப ஏறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

இந்த வாரம் டாக்டர் கேட்டபோது, "வீங்கவே இல்ல டாக்டர்" என்றாள். அவரும் நம்பி மருந்தைக் கூட்டினார்.

ஊசி போட்ட சற்று நேரத்தில் சண்முகையாவின் உதடு தடித்தது. தொண்டை அடைத்து, பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தான்.

வாசலில் நின்ற அவன் தம்பி செல்லச்சாமிக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஆட்டுக்கம்போடு உள்ளே பாய்ந்தான்.

"எங்கண்ணனைக் கொன்னுட்டீரே வே."

முதல் அடியில் டாக்டரின் வலது மணிக்கட்டு முறிந்தது. அடுத்த அடியில் கண்ணாடி அலமாரி நொறுங்கியது. கீழே விழுந்த டாக்டர், சிதறிக் கிடந்த மருந்துகளுக்குள்ளிருந்து, ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த ஓர் ஊசியை இடது கையால் எட்டி எடுத்தார்.

"மாத்து மருந்துப்பா. விடு, இல்லன்னா செத்துருவான்."

செல்லச்சாமி அந்தக் கையையும் மிதித்தான்.

"செல்லச்சாமி, அவரு மேல தப்பில்ல. வீங்குச்சு, நாந்தான் மறைச்சேன்" என்று அன்னக்கிளி கத்தினாள். அவன் காதில் எங்கே விழுந்தது? கம்பு மறுபடி ஓங்கியது. சண்முகையாவின் முகம் நீலம் பூத்துக்கொண்டிருந்தது. அவள் இரும்பு முக்காலியைத் தூக்கிக் கொழுந்தன் மண்டையில் போட்டாள். ரத்தம் சுவரில் தெறித்தது. அவன் முனகிக்கொண்டே சுருண்டான்.

டாக்டரின் விரல்கள் மடங்கவில்லை. ஊசியை அன்னக்கிளி பக்கம் தள்ளினார்.

"தொடையில குத்தி அமுக்கும்மா."

குத்தினாள். கடைசிச் சொட்டுவரை அமுக்கினாள். போன உயிர் திரும்புகிற மாதிரி மெல்ல மெல்ல மூச்சு வந்தது.

சண்முகையா கண் திறந்தபோது முதலில் தெரிந்தது ரத்தத்தில் கிடந்த தம்பி. பிறகு அவள் சேலையில் ரத்தம். அவன் கை அவளை அறைய ஓங்கியது.

அன்னக்கிளி நகரவில்லை.

"அவன் மண்டையை ஒடச்சது நாந்தான். ஒங்க உசுருக்கு ஒல வச்சதும் நாந்தான். அடிக்கதெல்லாம் பெறகு அடிங்க. மொதல்ல மூச்சை நல்லா இழுத்து விடுங்க."