நோன்பு நாளில் ஒரு தட்டுச் சோறு

ஒரு ரமலான் முடிந்து பெருநாள் கழிந்த பிறகும் ஷிஃபா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனாள். அவளுக்குப் பதினைந்து வயது. மாடிப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டாருக்கு விஷயம் புரிந்தது. காரைக்கால் மருத்துவமனையில் இரண்டு வாரம் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது மனநல ஆலோசகர் விர்ஜினி பெற்றோரை உட்காரவைத்துப் பேசினார். இது பிடிவாதமல்ல, நோய் என்றார். குணமாகும்வரை என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். தட்டு காலியாகும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோபப்படவும் கூடாது, பேரம் பேசவும் கூடாது.

தந்தை நசீம் ஷார்ஜா வேலையை விட்டு வந்தார். அவரும் தாய் ஜன்னத்தும் ஐந்து மாதம் அப்படியே செய்தார்கள். எடை கொஞ்சம் ஏறியது. அதற்குள் அடுத்த ரமலான் வந்துவிட்டது.

தானும் நோன்பு வைப்பதாக ஷிஃபா சொன்னாள். நோயாளிக்குக் கடமையில்லை, குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் இமாம் சொன்னதை நசீம் எடுத்துச் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

முதல் நோன்பின் மதியம், நோன்போடிருந்த ஜன்னத் சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்தாள். ஷிஃபா தட்டைத் தள்ளிவிட்டாள். சோறு தரையெங்கும் சிதறியது. ஜன்னத் துடைத்துவிட்டு, அதே அளவு மறுபடி போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாதி தின்னா போதும், விடு ஜன்னத்," என்றார் நசீம்.

"இன்னைக்குப் பாதின்னா நாளைக்குக் கால்தாங்க."

 நசீம் மகளின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். "முழுசாச் சாப்பிடும்மா. நீ முடிக்காம நாங்க எந்திரிக்க மாட்டோம்."

ஒரு மணி நேரம் யாரும் அசையவில்லை. பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டபோது ஷிஃபா உடைந்து அழுதாள்.

"உள்ள ஒருத்தி கத்திக்கிட்டே இருக்கா உம்மா. தின்னா என்னைய விடமாட்டா."

அவள் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜன்னத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கத்தட்டும். உம்மாவும் வாப்பாவும் தின்ன வச்சாங்கன்னு சொல்லு. பழிய எங்க மேல போடு."

ஷிஃபா ஆறிப்போன சோற்றைப் பிசைந்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் நெடுநேரம் எடுத்தாள். ஆனால் முடித்தாள்.

அந்த மாதத்தின் மற்ற மதியங்களும் எளிதாக இல்லை. இரண்டு முறை மறுபடி மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது ஷிஃபா வகுப்புக்குப் போனாள். தானே போட்டுச் சாப்பிடலாம் என்று விர்ஜினி அனுமதித்தது அதற்கும் பிறகுதான். முதல் நாள் குறைவாகத்தான் போட்டுக்கொண்டாள். ஜன்னத் இன்னொரு கரண்டி வைத்தாள். ஷிஃபா முகத்தைச் சுளித்தாள், அதையும் சாப்பிட்டாள்.