ஒன்பதடி உயரத்தில் முப்பத்தொரு புறாக்கள்

பிளம்பர் துரைராஜ் இறந்துபோன மத்தியானத்திலிருந்து அடையாற்றங்கரையில், தரைக்கு ஒன்பதடி உயரத்தில், வெறும் காற்றின்மேல் முப்பத்தொரு புறாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. சர்வேயர் ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்தார். இடிக்கப்பட்ட துரைராஜ் வீட்டுக் கூரையின் உயரமும் அதுதான் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். அவர் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாறிலும் முப்பது வருடமாகத் துரைராஜ் கைபடாத குழாய் குறைவு. கையைவிட வாய்தான் அதிகம் உழைத்தது. வாஷர் மாற்றப் போன வீட்டில் பெண்ணுக்கு வரன் சொல்லி, கேட்காமலே மிக்ஸியையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். "துரை வர்றான்னா டிகாக்‌ஷன் ரெண்டு தடவை இறக்கி வெச்சுடணும்" என்பார் மயிலாப்பூர் சூடாமணி மாமி. ஞாயிற்றுக்கிழமைகளில் உமர் ஃபாரூக்கின் ஆட்டோ ஒர்க்‌ஷாப்பில் கேரம். கதை சொல்லும் மும்முரத்தில் சிவப்புக் காயைக் கோட்டை விட்டுத் தோற்பார், அதற்காக வருந்தியதில்லை. மற்ற நாட்களின் சாயங்காலமெல்லாம் கூரைமேல், புறாக்களுக்கு நடுவில். திண்டிவனத்தில் பறக்கவிட்ட ஹோமர் புறா இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்கும். துரைராஜ் கம்பு போட்ட பால்பவுடர் டப்பாவைக் குலுக்கி அதை வரவேற்பார்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே ஒரு சிமெண்ட் ஷீட் விரிசல் விட்டது. விரிசல் சரியாக மனைவி வேலம்மாவின் அடுப்புக்கு மேல். "ஊரு ஒழுகலெல்லாம் போயி அடைக்கிற. உம் பொண்டாட்டி தலமேல ஒழுகிக்கினு கீது, அது கண்ணுக்குத் தெரில." துரைராஜ் சிரிப்பார். "நாளைக்கிப் பண்ணிடலாம்மே." அந்த நாளை இருபத்திரண்டு வருடம் வரவில்லை. மழை பிடித்தால் வேலம்மா அடுப்பைத் தள்ளிவைத்துவிட்டு, சொட்டுகிற இடத்தில் அலுமினியக் குண்டானை வைத்துவிடுவார்.

போன மாசியில் ஆற்றோர வீடுகளை இடித்தார்கள். பதிலுக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி கிடைத்தது. குலுக்கலில் வீடு ஒதுக்கியதால் ஒரே தெருக்காரர்கள் எட்டுக் கட்டடங்களுக்குச் சிதறிப்போனார்கள். போன் வரும், துரைராஜ் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் வேறு யாராவது குழாயை மாற்றியிருப்பார்கள். சூடாமணி மாமிகூட, "பக்கெட்டை வெச்சுண்டு காத்திண்டுதான் இருந்தேன் துரை, முடியலை" என்றார். பேசுவதற்கு ஆளில்லாமல் துரைராஜ் லிஃப்டில் காரணமின்றி ஏறி இறங்கினார்.

இடம் மாற்றிய ஹோமரை வெளியே விடக்கூடாது, புது இடத்தில் பொரிக்கும் குஞ்சுதான் புது இடத்துக்குத் திரும்பும். இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் நாற்பதாம் நாள் கூண்டைத் திறந்துவிட்டார். "நான் இங்க கீறேன்ல. எங்க போய்டும்?" முப்பத்தொன்றும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வடக்கே போயின. நான்கு நாள் பால்கனியில் நின்று டப்பாவைக் குலுக்கினார். ஐந்தாம் நாள் வேலம்மாவிடம் சொன்னார்: "இத்தினி வருசமா எங்கிட்ட வருதுங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன். அதுங்க வூட்டுக்கு வந்துக்கினு இருந்திருக்கு." அதுதான் அவர் பேசிய கடைசி நீளமான பேச்சு. புரட்டாசியில் ஒரு மத்தியானம், டப்பாவை மடியில் வைத்தபடியே இறந்துபோனார். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். பேச ஆளில்லாமல் செத்தார் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

பதினாறாம் நாள் வேலம்மா பால்கனியில் சோறும் வடையும் வைத்தார். ஆறாவது மாடிக்கு வந்த காக்கை ஏழாவது மாடிக்கு வரவில்லை. இருட்டும்வரை பார்த்தார். செத்ததைவிட இதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கூட வாழ்ந்த மனுஷன் இந்த ஏழாவது மாடிக்கு வழி தெரியாமல் எங்கேயோ நிற்கிறானே என்று புலம்பினார். மறுநாள் உமர் ஃபாரூக் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அண்ணி, ஒருவாட்டி வந்து பாத்துடுங்க. அண்ணன் புறா எல்லாம் காத்துல குந்திக்கினு கீது."

பார்த்தார். இரண்டு வரிசை. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. டப்பாவைக் குலுக்கினார். புறாக்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்ததோடு சரி. "வாய்யா, வூட்டுக்குப் போலாம்" என்று அந்த இடைவெளியைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒன்றும் அசையவில்லை. அதற்குள் அந்த இடம் பூங்காவாகியிருந்தது, ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள். வேலம்மா வாரம் மூன்று நாள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குத் தனியாகவே பஸ் ஏறினார். நடைப்பயிற்சிக்காரர்களுக்குப் பழகிவிட்டது. சிலர் எச்சத்துக்குப் பயந்து சுற்றிப் போனார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை கொட்டியது. எல்லோரும் ஓடினார்கள். வேலம்மா மட்டும் புறாக்களுக்குக் கீழே நின்றார். அவர்மேல் ஒரு துளி விழவில்லை. பன்னிரண்டுக்குப் பத்தடி, தரை காய்ந்தே கிடந்தது. மழை சாய்ந்தடித்தும் அந்த எல்லைக்குள் வரவில்லை. அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கம், அடுப்பு இருந்த இடத்தில், ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அதே இடம்.

பெரும்பாக்கத்து வீட்டில் கூரை ஒழுகுவதில்லை. வேலம்மா அண்ணாந்து பார்த்து, "இன்னும் அடைக்கல பாரு" என்றார். பிறகு, அவன் வரமாட்டான், அவன் வீட்டில்தான் இருக்கிறான், வெளியே போகவேண்டியவள் தான்தான் என்று தெரிந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். மிச்சச் சோற்றைப் புறாக்களுக்காகத் தரையில் கொட்டினார். காலியான சாப்பாட்டு டப்பாவைச் சொட்டுக்கு நேராக வைத்தார். நிரம்பியதும் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். ஆறு மணிக்கு வாட்ச்மேன் குடையோடு வந்து, "கேட்டு மூடணும்மா" என்றதும் எழுந்து மழைக்குள் நடந்தார்.

டப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழை நாட்களில் வாட்ச்மேன் அதைக் கொட்டிவிட்டு அதே இடத்தில் வைக்கிறார்.