விளாவிய வெந்நீர்

1

இந்தக் கதை என் தலையில் பிறக்கவில்லை. 1911 ஐப்பசியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரிச் சுவரில் பிறந்தது. "தினம் கண்ணில் படும் ஒன்றை எழுதிப் பழகு" என்று மாலை வகுப்பு உபாத்தியாயர் சொல்லியிருந்தார். அன்று கண்ணில் பட்டது ஒரு நோட்டீஸ் மட்டுமே. நாட்குறிப்பில் அப்படியே நகலெடுத்தேன்:

"ஆஸ்பத்திரிச் செய்தி: சென்ற மாதம் சிகிச்சை பெற்றோர் 212. இரும்புக் கட்டில்கள் இரண்டு வந்துள்ளன. ஒன்றுக்குக் கால்கள் பின்னால் வரும். மழைக்கால எச்சரிக்கை: ஆற்றில் வெள்ளம் வருவதை வேடிக்கை பார்க்கக் கரையில் கூட்டம் கூட வேண்டாம். பேதி வராதிருக்கக் குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்."

அதை எழுதிய குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. ஆகவே அவரை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "தாமிரபரணியில் செந்நீர் புரண்டோடிய ஒரு காலைப்பொழுதில், பூதலிங்கம் பிள்ளை கரையில் நின்று—"

(அடித்துவிட்டேன். அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை. மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.)

இரண்டாம் தொடக்கம்: "பூதலிங்கம் பிள்ளை பிறந்தது—"

(பிறப்பிலிருந்து தொடங்கினால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே நாற்பது பக்கம் ஆகும்.)

மூன்றாவது நிற்கட்டும். தான் எழுதியதை ஊர் கேட்க வேண்டும் என்பது குமாஸ்தா பூதலிங்கத்தின் ஆசை. முப்பத்திரண்டு வயது வரை ஒருவரும் கேட்கவில்லை. இந்த நோட்டீஸைத் தமுக்கடித்துப் படிக்கச் செய்தார். வெள்ளம் வருகிற சங்கதியே அதுவரை தெரியாமல் இருந்தவர்கள் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படித்துறைக்கு ஓடினார்கள். திரும்பி வரும்போது, "நீரு சொல்லலன்னா தெரிஞ்சே இருக்காதுவே" என்று அவருக்கு நன்றியும் சொன்னார்கள்.

சொன்னபடி நடந்தது ஒரே ஒருத்தி. அவருடைய மாமியார் வடிவம்மாள். மாப்பிள்ளை எழுதியது அவளுக்குச் சர்க்கார் உத்தரவுக்கு ஒரு படி மேல். வீடு வீடாக ஏறி இறங்கினாள். "தண்ணியக் கொதிக்க வையிங்கட்டி. எங்க மாப்பிள எழுதியிருக்காக" என்று தெரு முழுவதையும் அடுப்பு மூட்ட வைத்தாள்.

எட்டாம் நாள் அந்தத் தெருவிலிருந்து பேதியோடு வந்த முதல் ஆளும் அவள்தான். காலில்லாத கட்டிலுக்குச் செங்கல் அடுக்கி அவளைப் படுக்க வைத்தார்கள். "பொழுது சாயறதுக்குள்ள கட்டுப்படணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

3

இந்த வடிவம்மாள் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மாப்பிள்ளை சொல்லை இப்படித் தலைமேல் வைத்துக்கொள்ளும் மாமியாரை நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் அவள் இல்லாவிட்டால் என் கதையில் தண்ணீர் கொதிக்க வைக்க ஆளே இல்லை. இருக்கட்டும்.

மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவது அவள் வழக்கமில்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவாள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் கதவு கிடையாது. நர்ஸ் ஜெபராணியைக் கதவாக வைத்துக்கொண்டாள். ஜெபராணி சாத்தான்குளத்துக்காரி; பொறுமை கொஞ்சம் மட்டு.

"அவுகட்ட சொல்லு தாயி," என்றது முகத்தை மூடியிருந்த சேலைத் தலைப்பு. "வீட்டுல ஒரு சொட்டு கொதிக்காத தண்ணி குடிக்கல. தளதளன்னு கொதிக்க வச்சிதான் குடிச்சேன்."

"அண்ணாச்சி, கொதிக்க வச்சிதான் குடிச்சாகளாம்."

"எப்படிக் குடிச்சாகன்னு கேளுங்க," என்றார் பூதலிங்கம், சுவரைப் பார்த்து.

"எப்படிக் குடிப்பாக? வாய் வெந்துராதா? எல்லாரும் செய்யுத மாதிரி, ஆத்துத்தண்ணி ரெண்டு செம்பு ஊத்தி விளாவித்தான்."

ஜெபராணி திருப்பிச் சொல்வதற்கு முன்பே பூதலிங்கத்துக்குக் கேட்டுவிட்டது.

(இங்கே ஒரு குறிப்பு. குளிக்கிற வெந்நீரோ குடிக்கிற வெந்நீரோ, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவாமல் அந்த ஊரில் யாரும் தொடுவதில்லை. டாக்டர் சொல்லி எழுதவைத்தபோது "கொதிக்க வைத்து, தானே ஆறவிட்டு" என்றுதான் சொன்னார். வாக்கியத்தின் நடை கெடுகிறது என்று அந்த இரண்டு சொல்லை வெட்டியவர் பூதலிங்கம். நடைக்காக வெட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். மேலே இரண்டு தொடக்கங்களைப் பார்த்தீர்களே.)

"தெருவே இப்படித்தான் குடிக்கி," என்றாள் ஜெபராணி. "இப்பமே மறுபடி தமுக்கடிக்கச் சொல்லுங்க."

அவர் காகிதத்தை எடுத்தார்.

"முன் அறிவித்ததைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டு—"

"அச்சுப்பிழை காரணமாக—" (நோட்டீஸோ கையால் எழுதி ஒட்டியது.)

"விளாவுதல் நம் முன்னோர் வழக்கமாயினும்—"

"அண்ணாச்சி, நீங்க அழகா எழுதி முடிக்கதுக்குள்ள எனக்கு இன்னும் ரெண்டு கட்டில் வேணும். கால் இருந்தா நல்லது."

கட்டிலிலிருந்து மெலிந்த குரல் வந்தது. "அவுக எழுதினதுல தப்பு இருக்காது தாயி. எனக்குத்தான் காது கேக்கலன்னு போடச் சொல்லு. ஊர்ல அவுக பேரு கெட்டுரக் கூடாது."

பூதலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு வேண்டிய வாக்கியம் கிடைத்துவிட்டது. அழகான வாக்கியம், யாரும் மறுக்கமாட்டார்கள். அவள் பிழைக்காவிட்டால் மறுக்க ஆளும் இருக்காது.

அதை நினைத்ததும் பேனாவை மறுபடி எடுத்தார். நடை பாராமல் எழுதினார்: "குமாஸ்தா பூதலிங்கம் எழுதினது தப்பு. கொதிச்ச தண்ணியில பச்சத்தண்ணி விளாவாதீங்க. மூடி வச்சு, தானா ஆறின பெறவு குடிங்க."

தமுக்கு அடித்ததும், வெள்ளத்துக்குக் கூடியதைவிடப் பெரிய கூட்டம் கூடியது. "தப்புன்னு தனக்குத்தானே தமுக்கடிச்ச ஆள இப்பத்தான்வே பாக்கேன்" என்று சிரித்தார்கள். வீட்டுக்கு வீடு போய் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நோட்டீஸ் முழுவதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார்கள்.

4

முடிவு (அ): தெருவில் வேறு யாருக்கும் பேதி வரவில்லை. வடிவம்மாள் எழுந்து வீட்டுக்கு நடந்தே போகிறாள். (உபாத்தியாயர் இதற்கு நல்ல மதிப்பெண் போடுவார். அதனாலேயே பயமாக இருக்கிறது.)

முடிவு (ஆ): பொழுது சாய்ந்தபோது வடிவம்மாள்—

(எழுத முடியவில்லை. நோட்டீஸைத் திருத்த வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது என்று அவளைச் செங்கல் கட்டிலில் கிடத்தியதே நான்தான்.)

இவ்வளவு மட்டும் எனக்குத் தெரியும். சாயங்காலம், ஜெபராணி வேறு கட்டிலுக்குப் போயிருந்த நேரம், தலைப்பு விலகியது.

"தண்ணி," என்றாள் வடிவம்மாள், நேராக அவரிடம்.

பூதலிங்கம் ஓடிப் போய்க் கொதித்த நீரைச் செம்பில் கொண்டுவந்தார்.

"சுடுதே மாப்பிள. கொஞ்சம் விளாவி..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஆறட்டும் அத்தை," என்று செம்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணீர் ஆறியது" என்று ஒரே வரியில் நான் எழுதிவிடலாம். ஆறவிடுவதை வெட்டினால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் எழுதினேன், மறுபடி செய்யமாட்டேன். எனக்கு வகுப்புக்கு நேரமாகிறது. அவள் கண் செம்பின் மேலேயே இருக்கிறது. வாசகரே, செம்பை உங்கள் கையில் தருகிறேன். ஆறியதா என்று பார்த்து நீங்களே கொடுங்கள். உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டாம். வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்.