டாக்டர் சொன்ன மூன்று மணி

காலை பத்தரைக்குப் போன் அடித்தது. இரண்டாவது மணி அடங்குவதற்குள் பல்லக்கா எடுத்துவிட்டாள்.

“என்னம்மா, மூணு பல்லும் எந்த நிலைமையில இருக்கு?”

டாக்டரின் குரல்.

“மெட்டல் ரெடி டாக்டர். மேல செராமிக் ஏத்தணும், அவ்வளவுதான். மூணு மணிக்கு உங்க கையில இருக்கும்.”

“இது நிஜ மூணு மணி, புரியுதா? பேஷன்ட் சாயங்காலம் ஃப்ளைட் ஏறுறாங்க. வெளிநாட்டுல புது வேலை. படியில விழுந்து முன்பல் மூணும் பாதியா உடைஞ்சு போச்சு. கையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசுறாங்க. அப்படியே போய் வேலையில சேரச் சொல்லவா?”

“இல்ல டாக்டர்.”

“இந்த மாசம் மூணு தடவை லேட் பண்ணிட்டே. இது நாலாவது ஆச்சுன்னா, திங்கக்கிழமையிலிருந்து என் கேஸ் மொத்தமும் பெரிய லேபுக்குப் போயிடும். கோபத்துல சொல்லலம்மா. முடிவு பண்ணித்தான் சொல்றேன்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் தேவலை. கோபம் ஆறும். முடிவு ஆறாது.

பல்லக்கா போனை வைத்தாள். இந்த லேபுக்கு வருகிற வேலையில் சரிபாதி அந்த ஒரு டாக்டருடையது. அந்தப் பாதி போனால் மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கதவைத் திறக்கலாம், மின்விசிறியைப் போடலாம். வேறு ஒன்றும் செய்ய முடியாது.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறைகள்தான் அவள் லேப். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அவள் பல் செய்து அனுப்புவாள். முன்னறையில் அவள் அம்மாவின் தம்பி. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, பல்வரிசையை நகலெடுப்பது அவர் வேலை. முழங்கை வரை எப்போதும் வெள்ளை, புருவத்தில் கொஞ்சம் வெள்ளை. ஊருக்கே அவர் மாவு மாமா. உள்ளறையில் பல்லை வேகவைக்கிற ஃபர்னஸும் பல்லக்காவும்.

“என்ன பாப்பா, மணி சொல்லிட்டாரா?” என்றார் மாமா. நாற்பது வயதுப் பாப்பா.

“நிஜ மூணு மணியாம் மாமா.”

“நிஜ மூணுன்னு தனியா ஒண்ணு இருக்கா? அப்போ இத்தனை வருஷமா இவங்க சொன்னதெல்லாம் என்ன மூணு?”

மாமா கேட்டதில் நியாயம் இருந்தது. டாக்டர் மூன்று என்றால் நோயாளி வருவது நான்குக்கு. லேப் நான்கு என்றால் பல் போவது ஐந்துக்கு. இரண்டு பக்கமும் புளுகுவது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அந்தப் புளுகுதான் இந்தத் தொழிலின் சக்கரத்துக்கு விடுகிற எண்ணெய்.

பல்லக்காவின் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு நேரத்தை ஆளச் சொல்லித்தருகிற வீடியோ ஒன்றைப் பார்த்து, போன வாரம் மாட்டியது. ஒரு நாளைக் கால் மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு நிறம். காலை பதினொன்றைத் தாண்டி எந்த நாளும் அந்த அட்டை உருப்பட்டதில்லை. அதில் இல்லாத ஒரே வேலை, போன் எடுப்பது.

ஆனால் அவள் லேப் பிழைத்ததே அந்தப் போனால்தான். ஆரம்பித்த காலத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது, அனுபவம் கிடையாது. பெரிய லேபுக்குப் போன் செய்தால் ஒரு இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழிக்கும். இவளுக்குச் செய்தால் இரண்டாவது மணியில் மனுஷி வருவாள். “பல்லு எப்படியோ, போனை எடுக்கறா” என்று ஒரு டாக்டர் இன்னொருவரிடம் சொல்ல, அப்படித்தான் ஒவ்வொரு கிளினிக்காக வந்தது. அடிக்கிற போனை விடுவது அவளுக்குப் பசித்து அழுகிற பிள்ளையை விடுவது மாதிரி.

பதினொன்று இருபது. செராமிக் பொடியைக் குழைக்க உட்கார்ந்தாள்.

மேஜையில் இரண்டு வேலை. ஒன்று, டாக்டரின் மூன்று பல். நிறம் ஏ-மூன்று, லேசாகப் பழுப்பேறிய பல் நிறம். இன்னொன்று, வேறொரு கிளினிக்கின் ஒற்றைப் பல். ஐந்து மணிக்குப் போக வேண்டியது. நிறம் ஏ-ஒன்று, பளிச்சென்ற வெள்ளை. புட்டிக்குள் பார்த்தால் இரண்டு பொடியும் ஒரே மாதிரிதான் இருக்கும். நெருப்பில் போய் வந்த பிறகுதான் தன் நிறத்தைச் சொல்லும்.

போன் அடித்தது.

எடுத்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். வேறொரு கிளினிக்கின் நர்ஸ்.

“அக்கா, அந்தக் கடைவாய்ப்பல் கேஸ் வந்துச்சா?”

“எந்தக் கடைவாய்?”

“அதான்க்கா, அந்தக் கோபக்கார அங்கிளோடது. வெளியில உட்கார்ந்திருக்காரு. என்னையே முறைச்சுப் பார்க்கறாரு.”

“நாளைக்குத்தானே சொன்னேன்?”

“நான் இன்னைக்குன்னு சொல்லிட்டேன்க்கா. நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன்.”

பேசினாள். கோபக்கார அங்கிள் கோபமாகவே பேசினார். அவள் வாய் அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்குப் புட்டியை எடுத்தது, திறந்தது, குழைத்தது, தூரிகையால் மெட்டலின் மேல் ஒவ்வொரு அடுக்காக ஏற்றியது. பழகிய கை. சுத்தமான வேலை. ஃபர்னஸில் வைத்து மூடினாள். அது வேகிற நேரத்தில் நான்கு மெசேஜுக்குப் பதில் போட்டு, அட்டையில் ஒரு பச்சைக் கட்டத்தை அடித்தும் விட்டாள்.

பன்னிரண்டு இருபதுக்கு ஃபர்னஸ் வாய் திறந்தது.

முதலில் செந்தணல். பிறகு ஆரஞ்சு. பிறகு...



வெள்ளை. கண்ணைக் கூசுகிற வெள்ளை.

மேஜையைப் பார்த்தாள். மூடி திறந்து கிடந்தது ஏ-ஒன்று.

“என்ன பாப்பா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறே?” மாமா எட்டிப் பார்த்தார். “வெள்ளையா நல்லாத்தானே வந்திருக்கு?”

“மாமா, அந்தம்மாவோட மத்த பல்லெல்லாம் வேற கலரு. இதை மாட்டிக்கிட்டு சிரிச்சா மூணு பல்லு மட்டும் ட்யூப்லைட் மாதிரி எரியும்.”

“மேல ஏதாவது பூசி...”

“பூச முடியாது. மொத்தத்தையும் சுரண்டி எடுக்கணும். முதல்லேருந்து.”

அவள் கணக்குப் போட்டாள். சுரண்ட இருபது நிமிடம். அடிப்பூச்சு பூசி வேகவைக்க இருபது. பொடி ஏற்ற நாற்பது, வேக இருபது. செதுக்கிச் சீராக்கப் பதினைந்து. மினுக்கு ஏற்றி வேக இருபது. கூட்டினால் இரண்டேகால் மணி நேரம். ஸ்கூட்டரில் கிளினிக்குக்கு இருபது நிமிடம். மூன்றுக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும். குறுக்கே தும்மல்கூட வரக் கூடாது.

கையிலிருந்த போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. கட்டைவிரல் தானாகவே நகர்ந்தது. அந்த விரலை அவள் வெறித்துப் பார்த்தாள். பிறகு முன்னறைக்கு நடந்து போய், போனை மாமாவின் மாவுக் கையில் திணித்தாள்.

“இந்தாங்க. இனிமே இது உங்களது.”

“எனக்கெதுக்கு இந்தச் சனியன்?”

“யார் கூப்பிட்டாலும் நான் இல்ல. என் கதவைத் தட்டக் கூடாது.”

“கிளினிக்காரங்க கூப்பிட்டா?”

“இல்ல.”

“மாப்பிள்ளை கூப்பிட்டா?”

“அவருக்கு நான் என்னைக்கு இருந்தேன்? இல்ல.”

“டாக்டரே கூப்பிட்டா?”

ஒரு நொடி யோசித்தாள். கிளம்பிட்டியா, எங்கே இருக்கே என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நச்சரிப்பார். ஒவ்வொரு நச்சரிப்பும் ஐந்து நிமிடத்தைத் தின்னும். இருப்பதே ஐந்து நிமிடம்.

“டாக்டரே கூப்பிட்டாலும். என்ன சொன்னாலும் சரி, தட்டாதீங்க. என் மேல சத்தியமா.”

“சரி பாப்பா. என் பிணத்தைத் தாண்டித்தான் ஒருத்தன் உன்கிட்ட வரணும்.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சுரண்டினாள். மோட்டார் கிறீச்சிட்டது. வெள்ளைத் தூள் மூக்கில் ஏறியது. மெட்டல் தெரிந்ததும் அடிப்பூச்சு. ஃபர்னஸ். காத்திருக்கிற நேரத்தில் கை போனைத் தேடி மேஜையைத் தடவியது. கிடைக்காமல் விழித்தது. முதல் தடவையாக அவள் சும்மா உட்கார்ந்து, ஏ-மூன்று புட்டியின் லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை படித்தாள். சத்தம் போட்டு ஒருமுறை படித்தாள்.

கதவுக்கு அப்பால் மாமாவின் குரல் மங்கலாகக் கேட்டது. “இல்லைங்க... அவ இல்ல... எங்கே போனான்னா என்னங்க அர்த்தம், போயிட்டா...”

சிரிப்பு வரவில்லை. பொடியை ஏற்றத் தொடங்கினாள். ஒரு அடுக்கு, ஈரத்தை ஒற்றி எடுத்து, அடுத்த அடுக்கு. எத்தனை மாதமாயிற்று ஒரு பல்லை ஆரம்பித்து, அந்தப் பல்லிலேயே முடித்து? வழக்கமாக ஒரு பல்லுக்கு நடுவே ஆறு பேர் வந்து போவார்கள்.

ஒன்று இருபத்தைந்து. கதவின் மங்கல் கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்தது.

மாமா. நின்றார். கை உயர்ந்தது.

பல்லக்காவின் தூரிகை அந்தரத்தில் நின்றது. தட்டாதீங்க மாமா. தட்டாதீங்க.

கை இறங்கியது. நிழல் போயிற்று.

என்ன விஷயம் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மனசுக்குள் மாமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பல்லின் ஓரத்தைத் திருத்தினாள்.

பத்து நிமிடம் கழித்து நிழல் மறுபடி வந்தது. இந்த முறை கைகூட உயரவில்லை. தானாகத் திரும்பிப் போயிற்று.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஃபர்னஸ் கடைசியாகத் திறந்தது. தணல் ஆறி நிறம் வந்தது. ஏ-மூன்று நிறத்தின் மாதிரிப் பல்லைப் பக்கத்தில் வைத்தாள். எது மாதிரி, எது அவள் செய்தது என்று சொல்ல முடியவில்லை. பதினைந்து வருடத்தில் அவள் கையிலிருந்து இப்படி ஒரு வேலை வந்ததில்லை.

டப்பாவில் வைத்து, பஞ்சு சுற்றி, தாழ்ப்பாளைத் திறந்து ஓடினாள். மாமா போனைக் காதில் வைத்து யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், பேச்சை நிறுத்தாமல், மாவுக் கையால் விரட்டினார். போ, போ, போ.

படிகளில் பாதியை மிதிக்கவே இல்லை.

கிளினிக் சுவரில் கடிகாரம் இரண்டு ஐம்பத்தாறு. பல்லக்கா டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே நுழைந்தாள். வாயில் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

நாற்காலி காலியாக இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பேஷன்ட் இன்னும் வரலையா டாக்டர்?”

“வந்தாங்க. போயிட்டாங்க. ஃப்ளைட் நேரத்தை முன்னாடி தள்ளிட்டான். இரண்டரைக்குக் கிளம்பணும்னு ஒண்ணேகாலுக்கே தெரிஞ்சுடுச்சு. உடனே உனக்குப் போன் பண்ணினேன். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும்.”

பல்லக்கா டப்பாவை நீட்டியபடியே நின்றாள்.

“வேலை முடியலைன்னாலும் பரவாயில்லன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஏர்போர்ட் போற வழியிலதானே உன் லேப்? நானே சிமென்ட்டோட பேஷன்ட்டைக் கூட்டிட்டு உன் மாடிக்கு வர்றேன், அங்கேயே வச்சு ஒட்டிடலாம்னு சொன்னேன். உன் மாமா, ‘அதெல்லாம் அவகிட்ட நடக்காதுங்க’ன்னு வச்சுட்டாரு. கடைசியில பிளாஸ்டிக்ல தற்காலிகமா மூணு செஞ்சு ஒட்டி அனுப்பினேன். ரெண்டு வாரம் தாங்கினா அதிகம்.”

டப்பாவை வாங்கித் திறந்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு நல்ல வேலை நீ எனக்குச் செஞ்சதே இல்ல.”

“டாக்டர், இன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் போனை... இந்த வேலை ஒழுங்கா வரணும்னுதான்...”

“புரியுதும்மா. ஆனா போன் எடுக்காத லேப்தான் எனக்கு வேணும்னா, பெரிய லேப் இருக்கே. அவன் நேரத்துக்காவது அனுப்புவான்.” டப்பாவை மூடி அவள் கையில் திருப்பி வைத்தார். “மேஜையில இருக்கிற கேஸையெல்லாம் முடிச்சுக் குடுத்துடு. புதுசா எதுவும் வராது.”

திரும்பி வரும்போது ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை. அவசரமில்லாதவளுக்கு என்ன மரியாதை!

மாமா படிக்கட்டு முனையிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பல்.

“நேரத்துக்குப் போயிட்டியா பாப்பா?”

“நாலு நிமிஷம் முன்னாடியே போயிட்டேன் மாமா.”

“அப்படிப் போடு! இருபத்தாறு போன். ஒருத்தனைக்கூட உன் பக்கம் விடலையே! டாக்டர் ரெண்டு தடவை. இரண்டரைக்கே கிளம்பணுமாம், பேஷன்ட்டோட இங்கேயே வர்றாராம். என்ன புளுகு பாரு! தட்டலாமான்னு எனக்கே ஒரு நிமிஷம் ஆடிப்போச்சு. அப்புறம் நினைச்சேன், இவங்க சொன்ன மணி என்னைக்கு நிஜமாயிருக்கு? ‘அதெல்லாம் நடக்காதுங்க’ன்னு ஒரே போடு!”

பல்லக்கா அவரைத் தாண்டி உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  சத்தியம் வாங்கியவள் அவள். காப்பாற்றியவர் அவர். யாரை வைய?

மாமா உற்சாகத்தில் மாவு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்துக்கு வழக்கம்போல நான்கு டப்பா அளந்து வைக்க வேண்டும். முதல் டப்பா நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது. மூன்றாவதைக் கையிலெடுத்தார்.

“மாமா,” என்றாள் பல்லக்கா. “அது போதும்.”

“ரெண்டுதானே ஆச்சு?”

“திங்கக்கிழமையிலிருந்து ரெண்டு போதும் மாமா.”

மாமாவின் கை மூட்டைக்குள்ளேயே நின்றது.