கழற்றாத சேணம்

சந்தைத் தெருவில் நின்ற மட்டக்குதிரைகள் எல்லாம் வெறும் முதுகோடு தூறலில் நனைந்துகொண்டிருந்தன. வாங்க வந்தவர்கள் முதுகைத் தடவினார்கள், பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள். அவற்றில் ஸ்மீரா ஒருத்திதான் கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி சேணமும் வாருமாக நின்றாள். வந்து வெகுநேரமாகியும் அவளை விற்கும் ஃபெஸ்டி மேனியன் அந்தச் சேணத்தை இறக்கவில்லை.

மகளுக்காக அவளை வாங்க வந்திருந்த டிம்ப்னாவுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. எரிச்சலுக்கு வேறு காரணங்களும் இருந்தன. முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒரு நாள் லீவு கேட்டு வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் ஆட்டுத்தோல் செருப்பில் ஒன்றை மே மாதம் நாய் எங்கோ தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவளுக்குக் காலில் சூடென்பதே இல்லை. ஆனால் இதெல்லாம் சில்லறை. உண்மையில் அவள் வயிறெரிந்தது ஃபெஸ்டி சொன்ன விலையைக் கேட்டுத்தான்.

வசந்த காலத்தில் ஸ்மீரா யாரையும் கிட்டே சேர்க்காத காட்டுக்குட்டி. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தபோது ஃபெஸ்டியின் வேலியை இரண்டு தடவை உடைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி மகள்தானே என்று டிம்ப்னாவின் பதிமூன்று வயது கீலினைக் கூப்பிட்டு, "ஓட்டிப் பழக்கு கண்ணு, சந்தை வந்தா உனக்குத்தான் விப்பேன்" என்றார் அவர். அயர்லாந்தின் கானமாராவில் பிள்ளைகள் அக்கம்பக்கத்தாருக்குக் குதிரை பழக்கிக் கொடுப்பது வழக்கம்தான், அதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள். கீலின் கோடை முழுக்கப் பழக்கினாள். மூன்று தடவை விழுந்தாள், ஒரு தடவை தோள்பட்டை இறங்கியது. இப்போது ஸ்மீரா பூனைக்குட்டி மாதிரி அவள் பின்னால் நடக்கிறாள்.

அதற்குத்தான் ஃபெஸ்டி இன்று விலை சொல்கிறார்.

"நல்லாப் பழகின குதிரைம்மா. பழகாததுக்கு ஒரு வெல, பழகினதுக்கு ஒரு வெல இல்லையா?"

"பழக்கினது யாரு ஃபெஸ்டி?"

"அட, யாரு பழக்கினா என்ன? பழகியிருக்கா இல்ல?"

என் மகள் உழைப்பை எனக்கே விற்கிறாயா என்று வாய்வரை வந்தது. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற கீலினைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். டிம்ப்னாவால் வாழ்க்கையில் ஒரே ஒரு மட்டக்குதிரைதான் வாங்க முடியும். அது சரியில்லாமல் போனால் இன்னொன்று கிடையாது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மூன்றாவது சுற்றில் ஸ்மீரா ஈயை விரட்டப் பின்னங்காலைத் தூக்கினாள். தொடையின் உள்பக்கம் பொட்டு அளவுக்கு முடி உதிர்ந்து, நடுவில் பருப்பு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. டிம்ப்னாவின் அப்பா வீட்டில் எப்போதும் குதிரை உண்டு. இது கொசுக்கடி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

குழந்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லிக் கெடுக்க மனம் வரவில்லை. தேநீர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருக்கோடியில் வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்த நோரீன் டாக்டரிடம் போனாள். சுற்றுவட்டாரத்துக் கால்நடைக்கெல்லாம் அவர்தான் வைத்தியம்.

"தோல் கட்டி," என்றார் டாக்டர், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு. "குதிரைக்கு வர்றதுதான். உயிரை எடுக்காது, ஆனா பேசாம சும்மாவும் இருக்காது. சிலதுக்குப் பத்து வருஷம் அப்படியே கெடக்கும். சிலதுக்கு ஒரே கோடையில காலிஃபிளவர் மாதிரி பூத்துடும். எது எப்படின்னு சொல்ல என்னாலயும் முடியாது, எவனாலயும் முடியாது."

"வெட்டி எடுத்துட்டா?"

"அரைகுறையா கை வெச்சா கோவிச்சுக்கிட்டு ரெண்டு மடங்கா வரும். முழுசா வைத்தியம் பாக்க முடியும், செலவாகும். இன்ஷூரன்ஸ்காரன் அதுக்கு மட்டும் தர மாட்டான். திரும்ப விக்கவும் முடியாது, விவரம் தெரிஞ்சவன் வாங்க மாட்டான்."

"தொடையில ஒண்ணுதானே டாக்டர்?"

"ஒண்ணு இருந்தா இன்னொண்ண தேடு. தொடையில இருந்தா பரவாயில்ல, யாரும் அங்க உக்காரப் போறதில்ல. சேண வார் உரசுற இடத்துல இருந்தாத்தான் தொல்லை. தெனம் உரசி உரசிப் புண்ணாயிடும்." டாக்டர் விரலைத் துடைத்துக்கொண்டார். "சேணத்தைக் கழட்டச் சொல்லிப் பாத்தியா?"

டிம்ப்னாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கால் மட்டும்தான் குளிர்ந்தது.

அவள் திரும்பி வந்தபோது ஸ்மீராவின் பக்கத்தில் கில்டேரிலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார். பளபளவென்று புத்தம்புது பூட்ஸ். எட்டு வயது மகளுக்குக் குதிரை தேடுகிறாராம். ஃபெஸ்டி சொன்னபடி கீலின் ஏறி ஓட்டிக்காட்டினாள். ஃபெஸ்டி, "குழந்தையே ஓட்டுது பாருங்க சார்!" என்று கை தட்டினார். அந்த மனிதர் ஸ்மீராவின் மூக்கைத் தடவி, மகளுக்கு அனுப்பப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

ஃபெஸ்டி டிம்ப்னாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பாரு பொண்ணே, உனக்கு வேணுமா வேண்டாமான்னு சொல்லிடு. அந்தாளு நான் சொன்ன வெலைக்கு மேலயே குடுப்பான் போலருக்கு."

"தொடையில என்னமோ இருக்கே ஃபெஸ்டி."

அவர் முகத்தில் ஒரு நொடி ஈயாடவில்லை. பிறகு சிரித்தார்.

"மரு! எனக்கே முதுகுல நாலு இருக்கு, பாக்குறியா? மருவுக்கெல்லாம் மந்திரிக்கிற ஆளு இருக்கான். நீ வாங்கலைன்னா விட்டுடு, அவன் காதுல மட்டும் போட்டு வெக்காத. வர்ற ஏவாரத்தக் கெடுக்கக் கூடாது, நாம அக்கம்பக்கம் வாழறவங்க."

அக்கம்பக்கமாம்! தன் தலையில் கட்டப் பார்த்தான், முடியாவிட்டால் யாரோ ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவானாம், அதற்கு இவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டுமாம். அடுத்த வருடம் கட்டி பெரிதாகும். கில்டேர்க்காரர் விவரம் தெரிந்து வேறொருவரிடம் தள்ளுவார், அவர் இன்னொருவரிடம் தள்ளுவார். கடைசியில் எந்த லாரியில் ஏற்றுவார்கள் என்பது அந்தத் தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வாங்கினால் ஏமாற்றுக்காரனுக்குக் கூலி கொடுத்த மாதிரி. வாங்காவிட்டால் ஸ்மீராவைக் கைவிட்ட மாதிரி. டிம்ப்னா எதற்கும் துணியாமல் நின்றாள்.

அப்போதுதான் ஃபெஸ்டி அந்தத் தப்பைச் செய்தார். கில்டேர்க்காரருக்கு ஆசை ஏறட்டும் என்று, ஊரே பார்க்கும்படி, சந்தை வழக்கப்படி உள்ளங்கையில் துப்பி, டிம்ப்னாவின் முன்னால் கையை நீட்டினார்.

"என்னம்மா சொல்ற? அடி கையை!"

அந்தக் கையில் அடித்தால் பேரம் படிந்ததாக அர்த்தம். கை நீட்டியாகிவிட்டது. கூட்டம் வளைத்துக்கொண்டது. தரகர் கோல்மன் வழக்கம்போல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். இனி இவள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும்வரை மூன்றாவது ஆள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அப்புறம் அந்தச் சந்தையில் அவனுக்கு யாரும் குதிரை விற்க மாட்டார்கள். நீட்டின கையை நீட்டினவன் மடக்கவும் முடியாது, மடக்கினால் மானம் போகும்.

டிம்ப்னாவுக்கு அந்த நொடியில்தான் அது உறைத்தது. பதில் சொல்லாமல் இருக்கும்வரை ஸ்மீராவை எவனும் வாங்க முடியாது.

பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துப் பிரித்தாள்.

"யோசிக்கிறேன்," என்றாள்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கில்டேர்க்காரர், "நான் வேணா..." என்று ஆரம்பித்தார். கோல்மன் தடியைக் குறுக்கே நீட்டினார். "பேச்சு நடக்குது சார். பொறுங்க."

"எவ்வளவு நேரம்?"

"அந்தம்மா சாப்பிட்டு முடியட்டும்."

ஃபெஸ்டியின் கை அந்தரத்தில் நின்றது. மழை அதில் விழுந்து சொட்டியது. "என்ன டிம்ப்னா இது, வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்ல. சேணத்தக் கழட்டுங்க, பதில் சொல்றேன்."

"நிக்கிறபடி வாங்கு. சேணத்தோடதான் நிக்கிறா."

"அப்ப இருங்க. இன்னொரு சாண்ட்விச் இருக்கு."

"கழட்டித் தொலையேன் ஃபெஸ்டி!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "அடியில என்ன, உன் பொண்டாட்டியையா ஒளிச்சு வெச்சிருக்க?"

அடக்கி அடக்கி வைத்திருந்தது டிம்ப்னாவுக்கு அங்கேயே உடைந்தது. எழுந்து நின்றாள். இத்தனை வருடம் சொன்ன 'ங்க'வும் அதோடு போயிற்று.

"என் புள்ள உழைப்ப எனக்கே விக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? சீக்குக் குதிரைய மூடி வெச்சு, என்னையும் வாயப் பொத்திக்கச் சொல்றியே, நீ மனுசனா? கழட்டுடா அதை!"

ஃபெஸ்டி முகம் சிவக்க, ஒரு கையாலேயே வாரை அவிழ்த்தார். சேணம் சரிந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், வார் உட்காரும் அதே இடத்தில், வாதாம்கொட்டை பருமனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. கூட்டம் 'ச்சு' கொட்டியது. கில்டேர்க்காரர் போனைப் பைக்குள் போட்டார்.

"பாத்தீங்களா!" என்று திரும்பிய டிம்ப்னாவின் வாய் அப்படியே நின்றது.

கீழே கிடந்த வாரின் உள்பக்கம், கட்டி படுகிற இடத்தில், வெள்ளை ஆட்டுரோமம் தைத்திருந்தது. ஓரத்தில் சிவப்பு நூல் வேலைப்பாடு. அவளுடைய இடது கால் செருப்பு.

ஃபெஸ்டியும் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். அவருக்கு உயிர் வந்தது.

"மூடி வெச்சேன்னியே, தெச்சு மூடினது யாருன்னு உன் பொண்ணையே கேளு. ஊரு முன்னாடி கேளு!"

கீலின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"மூடறதுக்கு இல்லம்மா. உரசக் கூடாதுன்னு தெச்சேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உனக்கும்தான் தெரியுமேம்மா." குழந்தை குழம்பிப்போய் அம்மாவையும் ஃபெஸ்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "மே மாசமே நான் பாத்துட்டேன். அவர்கிட்ட சொன்னேன். 'உங்கம்மாகிட்ட நானே சொல்லிட்டேன், எல்லாம் தெரிஞ்சுதான் உனக்கு வாங்கித் தர்றாங்க'ன்னாரு. 'அதப்பத்திப் பேசினா அம்மாவுக்கு வருத்தமாயிடும், நீ ஒண்ணும் கேக்காத'ன்னாரு. நான் செருப்ப மட்டும்தான் சொல்லாம எடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. கோல்மன் கூடத் தலையைக் குனிந்துகொண்டார். "ஏண்டா ஃபெஸ்டி, குழந்தைகிட்டயா?" என்றார் மெதுவாக.

பொய் சொல்பவனை டிம்ப்னா பார்த்திருக்கிறாள், சந்தையில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் காதில் அவள் அம்மாவைப் பற்றியே பொய் சொல்லி, அதை வைத்து ஒரு கோடை முழுக்க வேலை வாங்கியவனை இன்றுதான் பார்க்கிறாள். கன்னத்தில் ஒன்று வைத்தால்தான் ஆறும் போலிருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று புரிந்தது. இத்தனை மாதமும் இந்தப் பெண் தன்னை எப்படிப்பட்ட அம்மா என்று நம்பியிருக்கிறாள்! கட்டியோடு இருக்கிற குதிரையை, கட்டி இருப்பது தெரிந்தும், தனக்காக வாங்கப்போகிற அம்மா. அந்த நம்பிக்கையில் தூங்கியிருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், விழுந்து எழுந்திருக்கிறாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த நோரீன் டாக்டர் குனிந்து கட்டியைப் பார்த்தார், வாரை எடுத்துப் புரட்டினார்.

"நல்லாத் தெச்சிருக்கா. இதனாலதான் இன்னும் புண்ணாகாம இருக்கு."

"நாளைக்கு என்னாகும் டாக்டர்?"

"அப்பவே சொன்னேனே, தெரியாது."

டிம்ப்னா ஃபெஸ்டியின் பக்கம் திரும்பினாள். பாவம், கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"அவளைப் பழக்குறதுக்கு முன்னாடி, வேலிய ஒடச்சப்ப, யாராவது ஓட்டிட்டுப் போனாப் போதும்னு இருந்தியே, அந்த வெல. அதுல பாதி. கட்டியும் என்னோடது, இனிமே வர்ற செலவும் என்னோடது. ஊரறிய வாங்குறேன். நீ சொன்ன வெலைக்கு இந்தத் தெருவுல வேற எவனாவது இருந்தாக் கூப்பிடு."

ஃபெஸ்டி சுற்றிலும் பார்த்தார். கில்டேர்க்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் மழையைப் பார்த்தார்கள்.

"அநியாயம்," என்றார்.

"அதப்பத்தி நீ பேசாத!"

அவள் அடித்த அடியில் உள்ளங்கைச் சத்தம் தெருவில் எதிரொலித்தது. கன்னத்துக்குச் சேர வேண்டியதும் அதிலேயே சேர்ந்துவிட்டது. ஃபெஸ்டி கையை உதறிக்கொண்டே நழுவப் பார்த்தார். "அதிர்ஷ்டக் காசு யாரு குடுப்பா?" என்று கோல்மன் தடியால் மறித்தார். விற்றவன் வாங்கினவன் கையில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்காமல் அங்கே எந்த வியாபாரமும் முடிவதில்லை. ஃபெஸ்டி பையைத் துழாவி ஒரு நோட்டை எடுத்து, கீலினின் முகத்தைப் பார்க்காமல் அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வண்டியில் ஸ்மீராவை ஏற்றிக் கதவைப் போட்ட பிறகு கீலின் கேட்டாள்.

"அம்மா, அவரு உங்கிட்ட சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப உனக்குத் தெரியவே தெரியாதா?"

"இன்னைக்குத்தான் தெரியும்."

குழந்தை கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில், "செருப்புக்குத் திட்டுவியாம்மா?" என்றாள்.

"நாயத்தான் நாலு மாசமாத் திட்டிட்டேன்." டிம்ப்னா சாவியைத் தேடினாள். கண்ணீர் மறைத்ததால் சீக்கிரம் கிடைக்கவில்லை. "அந்த ரோமம் தேஞ்சுபோயிருக்கு, பாத்தேன். கட்டிலுக்கு அடியில வலது கால் செருப்பு சும்மாதான் கெடக்கு. வீட்டுக்குப் போனதும் அதையும் வெட்டித் தெச்சுக்க."