எல்லாம் கிஷாந்தின் பெயரில்

குரூப்பில் ஒருவருக்கொருவர் புள்ளி போடும் நாள் வந்தால் கம்பஸ் பிள்ளைகள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். முதலே பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் இருபதுக்கு இருபது போட்டுவிடுவார்கள். உழைத்தவனுக்கும் இருபது, உறங்கியவனுக்கும் இருபது. அந்தத் தருமத்தை நம்பித்தான் றொசானாவும் கிஷாந்துக்கு இருபது போட்டாள். கிஷாந்த் அவளுக்கு நாலு போட்டிருந்தான். கீழே ஒரு குறிப்பு வேறு: 'கம்பியூட்டர் கோட் எதுவும் எழுதவில்லை. கூட்டங்களுக்கு மட்டும் வருவார்.'

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நாகேந்திரம் நடத்தும் இரத்தப் பரிசோதனை லாப்தான் அவர்களுடைய கிளையன்ட். ரிப்போர்ட் தயாரானதும் வந்தவரின் போனுக்கு மெசேஜ் போகவேண்டும், அதற்கொரு சிஸ்டம் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். குரூப்பில் மூன்று பேர். திரைகளை ஹமீமா வரைந்தாள். உள்ளே ஓடுகிற கோட் முழுவதையும் றொசானா எழுதினாள். டீம் லீடர் கிஷாந்த் கூட்டங்களில் பேசினான். ஆளாளுக்குத் தங்கள் பகுதியைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஏற்றினால் ஒன்றோடு ஒன்று முட்டும், தனக்கு அனுப்பினால் தானே ஏற்றுகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தான். ஏற்றுகிறவருடைய பெயர்தான் பதிவில் விழும் என்பது றொசானாவுக்குத் தெரியாததல்ல. சக மாணவன் கள்ளனாக இருப்பான் என்பதுதான் தெரியவில்லை.

நாலு புள்ளியைப் பார்த்ததும் விரிவுரையாளர் றேணுகாவிடம் ஓடினாள். அவர் பதிவைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழ்வரை கிஷாந்த், கிஷாந்த், கிஷாந்த். "உம்மடை பேர் ஒரு இடத்திலையும் இல்லையே, றொசானா" என்றார். பொய் சொல்கிறாள் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் முகம் சொல்லிவிட்டது. கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை றொசானா பஸ்ஸில் அந்தப் பெயரையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

புள்ளி போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. மூவரில் ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுப்பதாக நாகேந்திரம் சொல்லியிருந்தார். பயிற்சி முடிக்காமல் பட்டம் இல்லை. கொள்ளுப்பிட்டிக் கம்பனிகளுக்கு அவள் அனுப்பிய பதினொரு விண்ணப்பத்துக்கும் பதில் வரவில்லை. துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பா ஸ்ரனிஸ்லாஸ், மகளுக்கு லாப்பில் இடம் நிச்சயம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது அந்த இடம் கிஷாந்துக்குத்தான் போகும்.

அன்றிரவு தான் எழுதிய கோட் முழுவதையும் கணினியில் திறந்து வாசித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. சோதித்துப் பார்க்கும் காலத்தில் வாடிக்கையாளர்களுக்குத் தவறி மெசேஜ் போய்விடக்கூடாதே என்று, எல்லா மெசேஜும் ஒரே இலக்கத்துக்குப் போகும்படி அவள் வைத்திருந்தாள். 'என்ரை நம்பரைப் போடு' என்று கிஷாந்த்தான் சொன்னான். 'கிளையன்டுக்குக் கொடுக்க முன் மாற்றவும்' என்று வரிக்கு மேலே எழுதி, வாட்ஸ்அப்பிலும் சொல்லித்தான் அவனுக்கு அனுப்பியிருந்தாள். அவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினான். தளத்தில் பார்த்தால் அந்த வரி மாறாமல் அப்படியே கிடந்தது; வாசிக்காமலே ஏற்றியிருந்தான். பிறகு தன்னையே நோயாளியாகப் பதிந்து சோதித்தான். தன் போனுக்கு மெசேஜ் வந்தது. வராமல் எங்கே போகும்? சிஸ்டம் அருமையாக ஓடுகிறது என்று றேணுகாவுக்கு அறிக்கை எழுதினான்.

இன்னொரு முறை சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. இரண்டு கிழமை வாயைத் திறக்கவில்லை. எதையும் கெடுக்கவில்லை, எதையும் தொடவில்லை. எல்லாம் உன் பெயரில் இருக்கிறதல்லவா, இதுவும் இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒப்படைக்கும் நாள் வியாழன் காலை. லாப்பின் மேல்மாடி அறையில் நாகேந்திரம் பட்டிஸும் தேநீரும் வைத்திருந்தார். றேணுகாவும் வந்திருந்தார். கிஷாந்த் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, 'நான் எழுதிய சிஸ்டம்' என்று மூன்று தரம் சொன்னான். நாகேந்திரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விளையாட்டு நோயாளிகள் வேண்டாம், இன்றைக்குத் தயாரான அறுபத்து நான்கு ரிப்போர்ட்டுக்கும் உண்மையாகவே அனுப்பிக் காட்டும்படி சொன்னார். கிஷாந்த் அழுத்தினான்.

மேசையில் கிடந்த அவனுடைய போன் அதிரத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பத்து. நிற்கவில்லை. பட்டிஸ் தட்டுவரை நகர்ந்து போய் முட்டிக்கொண்டு அதிர்ந்தது. நாகேந்திரம் கீழே கவுண்டருக்கு அழைத்தார். காத்திருக்கும் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லையாம். ஹமீமா எட்டிப் பார்த்தாள். இன்னாருக்கு இன்ன பரிசோதனை என்று பெயரோடு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கிஷாந்தின் அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவர்கள், அவனுடைய ரியூஷன் மாஸ்டர், பக்கத்து மாடிக் கல்யாணமாகாத பெண். ஹமீமா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தப் பகுதியை ஆர் எழுதினது?" என்று றேணுகா கேட்டார்.

றொசானா கிஷாந்தின் முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். நான் எழுதினேன் என்றால் மடையன். அவள் எழுதினாள் என்றால் கள்ளன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கிஷாந்த் கள்ளனாவதைத் தேர்ந்தெடுத்தான்.

"றொசானா எழுதினது, மிஸ். நான் ஏத்தினது மட்டும்தான்."

"அவ ஒரு வரியும் எழுதேல்லை எண்டு நீர்தானே எழுதித் தந்தனீர்?"

றொசானா எழுந்து மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த வரியையும், மேலே இருந்த குறிப்பையும், திகதியோடு வாட்ஸ்அப்பையும் காட்டினாள். பிறகு எல்லாரும் பார்த்திருக்க இரண்டே நிமிடத்தில் திருத்தி மறுபடி அனுப்பினாள். கீழே ஒருவர் பின் ஒருவராகப் போன்கள் ஒலிக்கும் சத்தம் கேட்டது. றேணுகா அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு அது தேனாக இனித்தது.

நாகேந்திரம் மட்டும் வாட்ஸ்அப்பில் இருந்த திகதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் யாருக்கு என்ன நோய் என்று வாயைத் திறக்காமல் இருபத்தாறு வருடம் லாப் நடத்திய மனுசன். சனம் அவரிடம் வருவதே அதற்காகத்தான்.

"பிள்ளை, இது உமக்கு முதலே தெரியுமோ?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இடம் அவளுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் மறதியால் நடந்தது என்று சொன்னால் பழி எப்படிப் பழியாகும்? இரண்டு கிழமை பொத்திப் பொத்தி வைத்திருந்ததை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியும், சேர். ரெண்டு கிழமையா."

"ஒரு மூட்டைப்பூச்சிக்காக என்ரை வீட்டையெல்லோ கொளுத்திப் போட்டீர்" என்றார் அவர். சத்தம் போடவில்லை. அறுபத்து நான்கையும் தன் கண்முன்னே அழிக்கும்படி கிஷாந்திடம் சொன்னார். பிறகு, எப்போது பயிற்சிக்கு வரலாம் என்று ஹமீமாவிடம் கேட்டார்.

காலிக்குப் போகும் பெரிய வீதியில், பஸ் தரிப்பில் றொசானா நின்றபோது கிஷாந்தும் வந்து சேர்ந்தான். கழுத்துப்பட்டி கையில் சுருண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று அவள் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

"உனக்கும்தானே இடம் போச்சு. இப்ப சந்தோசமா?" என்று கேட்டான்.

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"எனக்குப் போனது துக்கம்தான். உனக்குப் போனது சந்தோசம். ரெண்டையும் வைச்சுப் பாத்தனான், கிஷாந்த். சந்தோசம்தான் கூட."

கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.