மாதிரிக்கு ஒரு முகவரி

அவள் செய்த பாவம் ஒரு சின்ன நிரல். ஏதாவது ஒரு ஆப் திடீரென்று செத்து விழுந்தால், எந்த வரியில் விழுந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி, அந்த ஆப்பின் சொந்தக்காரருக்கு அனுப்பிவைக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துவைத்தாள். எடுத்துக்கொள்ள ஊரே திரண்டு வந்தது. திருத்தத்தான் ஆளைக் காணோம். வந்த ஒன்றிரண்டு பேரும் எங்கேயோ ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, மலையைப் புரட்டியதுபோல் பாராட்டுக்குக் காத்திருந்தார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டிய முகவரியைக் குறிக்கும் இடத்தில், மாதிரிக்கு அவள் தன் முகவரியையே போட்டுவைத்திருந்தாள். இதை அழித்துவிட்டு உங்கள் முகவரியை எழுதுங்கள் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது. குறிப்பை எந்த மகராசன் படிக்கிறான்? பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. யார் யாரோ எழுதிய ஆப்கள் எங்கெங்கோ விழுந்தன, ஒப்பாரி மட்டும் இவள் போனுக்கு வந்தது.

பார்க்காமல் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவளுக்கு அந்தக் கல்நெஞ்சு இல்லை. மருந்துக்கடை ஆப் ஒன்று விழுந்துகிடக்கிறது, கடைக்காரருக்கே தெரியாது, இவளுக்கு மட்டும் தெரியும் என்றால் சோறு இறங்குமா? தேடிப்பிடித்துச் சொல்வாள். சோற்றுக்கையோடு போனைப் பார்ப்பாள். போன் கிணுகிணுத்தால் மகள், "அம்மா, உன் பாப்பா அழுவுது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனாலும் அது சுருக்கென்று தைக்கும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல மாட்டிக்கிட்டவங்களையெல்லாம் வெளிய எடுக்கறேன். என் பொண்டாட்டிய மட்டும் எடுக்க முடியலயே" என்று கிண்டலடிப்பார். போன வாரம் கிண்டல் இல்லாமல் சொன்னார். "போதும்மா. எங்கள விட்டுட்டு நீ அதுக்குள்ளயே இருக்க."

அன்றைக்கே முடிவு செய்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வரியிலிருந்து தன் முகவரியை அழித்தாள். வெற்றிடம். முகவரி இல்லையென்றால் ரிப்போர்ட் எங்கேயும் போகாது, அவ்வளவுதானே? நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. புதிய பதிப்பை வெளியிட்டு, முகவரியை எடுத்துவிட்டதாகக் கணவரிடமும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வாய் திறக்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டாள். மகள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். கணவருக்கு அன்று டியூட்டி, எங்காவது லிஃப்ட் மாட்டினால் கம்பெனி ஆப்பில் கால் வரும், வீட்டிலிருந்து ஓட வேண்டும். ஆனால் அவர் போனும் சும்மா கிடந்தது. "ஒரு கால்கூட வரல. எல்லாம் உன் ராசி" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

கை கழுவும்போது அவர் போன் அடித்தது. சூப்பர்வைசர் போட்ட சத்தம் அவள் வரைக்கும் கேட்டது.

"எங்கய்யா இருக்க? கால் அனுப்புற ஆப்பு காலையிலேர்ந்து எழுந்திரிக்கவே இல்ல. ராத்திரி எதையோ புதுசா தானா எடுத்துக்கிச்சாம், அதோட படுத்துடுச்சு. உன் ஏரியால ஒரு டீச்சரம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, பெல்ல அமுக்கி அமுக்கி ஓஞ்சுபோய்க் கெடக்கறாங்க!"

அவர் அவளைப் பார்த்தார். கருவிப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்த உடனேயே புரிந்துவிட்டது. முகவரி காலியாக இருந்தால் நிரல் தானும் விழுந்து, தன்னைச் சேர்த்துக்கொண்ட ஆப்பையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. கணவர் கம்பெனியின் ஆப்பும் அவள் முகவரியை மாற்றாமல் விட்டவற்றில் ஒன்று. அவளுடைய சோதனைகள் எல்லாமே அவள் முகவரியை வைத்தே ஓடியவை. காலியாக விட்டால் என்ன ஆகும் என்று ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. விழுந்த சேதியைச் சொல்லவும் முகவரி இல்லை. அதனால்தான் அத்தனை அமைதி.

ஒழுங்காகத் திருத்த நேரம் பிடிக்கும். அதுவரை இன்னும் எத்தனை பேர் எங்கே மாட்டிக்கொண்டிருப்பார்களோ. உடனே செய்யக்கூடியது ஒன்றுதான். விரல் ஒரு நொடி தயங்கியது. தயங்கியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, தன் முகவரியைத் தன் கையாலேயே எழுதி வெளியிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது. நடுவில் கணவர் கூப்பிட்டார்.

"கதவத் திறந்தாச்சும்மா. நல்லாதான் இருக்காங்க. என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க, அவ்வளவுதான்."

"ஆப்பு எழுந்திரிச்சுதாங்க?"

"எழுந்திரிச்சிடுச்சு. காலையிலேர்ந்து தேங்கின காலெல்லாம் இப்ப வரிசையா வருது. நான் வர நேரமாகும்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாளைக்கு உக்காந்து உன் முகவரிய நிதானமா எடுத்துடலாம்ல?"

"ம், எடுத்துடலாங்க."

பொய். அந்த வரியை இனி ஜென்மத்துக்கும் அவள் தொடமாட்டாள். அந்த அம்மா உள்ளே பெல்லை அமுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் தான் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான் அவள் கண்முன் நின்றது. மறுபடி மடியில் ஏறியிருந்த மகளை இறக்கிவிட்டு, முதல் ரிப்போர்ட்டைத் திறந்தாள்.